முன்னிற்றல்

ஓவியத்திற் காண்பார்க்கு அணித்தாகத் தீட்டப்பட்ட பகுதியை முன்புறம் என்ப. ஆண்டு நிற்பதே தலைமைப் பொருளென உலகர் கொள்வர். அஃது எவ்விடத்தும் ஒவ்வாது. பிரசெல்ஸ் நகரின் அரசு நுண்கலைக் காட்சிச்சாலையில் 'இக்காரசின் வீழ்ச்சி' என வழங்கும் ஓவியம் ஒன்று உளது. 16-ஆம் நூற்றாண்டினரான பீட்டர் புரூகலின் பெயரால் நிற்பது. இன்றுள்ளது அவர்தம் மூலத்திற்குப் படியே என்பாரும் பலர். அதன் முன்புறத்தே செஞ்சட்டை உழவன் ஒருவன் குதிரை பூட்டிய ஏரின்பின் செல்கின்றான். மெழுகுச் சிறகு உருகிக் கடலில் வீழ்ந்து மாயும் இளைஞனுக்கோ, ஒரு மூலையில் நீர்மேற் றோன்றும் இரண்டு கால்களே இடம். உழவன் திரும்பினானல்லன். படத்தின் பெயரோ அக்கால்களுக்கே உரியதாயிற்று!

உழவனைப் பழித்தல் எளிது. ஆயினும் அவன் கடலை நோக்கின் சால் கோணும். ஒன்றனை முன்வைத்தே மற்றொன்றனைக் காண்டல் கண்ணின் இயல்பு; அது குற்றமன்று. பின்னின்றதனை இல்லதென்று துணிதலே குற்றம்.

தமிழில் 'முன்' என்பது இடத்தையும் காலத்தையும் குறிக்கும். 'முன்னுதல்' என்பதோ நினைத்தலாம். ஆகலின் இடத்தால் முன்னிற்றல் வேறு, கருத்தால் முன்னிற்றல் வேறு. திருமூலர் உவமையாக எடுத்தாண்ட மரயானையை நோக்குக. மகவுக்கு யானை முன்னிற்கும். தச்சனுக்கு மரம் முன்னிற்கும். ஆண்டு இடம் எள்ளளவும் மாறிற்றில்லை.