தராசின் இன்னொரு தட்டு

நம்மூரில் ஹாக்கி என்றால் திடலில் ஆடுவது. கனடாவில் ஹாக்கி என்றால் பனித்தரையில் சறுக்கி ஆடுவது. அங்கே 'ஐஸ்' என்று முன்னால் சேர்த்துக்கூடச் சொல்ல மாட்டார்கள். அந்த ஆட்டத்தில் 1988 ஆகஸ்டு 9ஆம் தேதி ஒரு கைமாற்று நடந்தது. எட்மன்டன் ஆய்லர்ஸ் அணி, தனக்கு நான்கு முறை ஸ்டான்லி கோப்பை வாங்கித் தந்த வெய்ன் கிரெட்ஸ்கியை, இன்னும் இருவரோடு லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வந்தவை: 15 மில்லியன் அமெரிக்க டாலர், வருங்காலத் தேர்வில் மூன்று முதல்சுற்று இடங்கள், மார்ட்டின் ஜெலினா என்ற 18 வயதுப் பையன், அப்புறம் ஜிம்மி கார்சன்.

கிரெட்ஸ்கி செய்தியாளர்கள் முன் அழுதார். அரசாங்கமே இதைத் தடுக்க வேண்டும் என்றார் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர். அதெல்லாம் நிறைய எழுதியாயிற்று. எனக்குக் கார்சனைப் பற்றித்தான் யோசனை.

அவருக்கு அப்போதுதான் 20 முடிந்திருந்தது. முந்திய பருவத்தில் 55 கோல். அதே பருவத்தில் கிரெட்ஸ்கி அடித்தது 40. (கிரெட்ஸ்கி ஆடியது 64 ஆட்டம்தான், கோலுக்கு உதவியதையும் சேர்த்தால் அவர்தான் எங்கேயோ மேலே.) 27 வயதுக்காரர் இனி இறங்குவார், 20 வயதுக்காரர் ஏறுவார். வியாபாரக் கண்ணால் பார்த்தால் இது பைத்தியக்காரக் கணக்கு இல்லை.

விலை உள்ள பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்கலாம், மனிதனுக்கு அப்படிப் பதில் கிடையாது என்று 1785இல் காண்ட் எழுதினார். இதைச் சொல்லி "மனுஷனை விக்கலாமா?" என்று கேட்பது சுலபம். பெரிய சம்பளம், விரும்பிப் போட்ட கையெழுத்து என்று பதிலும் சுலபமாக வரும். எனக்கு விற்றது அவ்வளவு உறுத்தவில்லை. 'பதில்' என்ற சொல்தான் உறுத்துகிறது.

அடுத்த பருவம் எட்மன்டனில் கார்சன் 49 கோலோடு 100 புள்ளி எடுத்தார். வேறு ஊராக இருந்தால் தோளில் தூக்கியிருப்பார்கள். அங்கே லாஸ் ஏஞ்சல்ஸில் கிரெட்ஸ்கி 168 எடுத்திருந்தார். அந்தப் பருவ இறுதிச் சுற்றுகளில் எட்மன்டனை வெளியேற்றியதும் அவர் அணிதான். ஒருவனை அவனுடைய நேற்றோடு ஒப்பிடலாம், ஊர் இழந்துபோன இன்னொருவரோடு ஒப்பிட்டால் அவன் எவ்வளவு எடுத்தாலும் பற்றாது. அலுவலகத்தில் 20 வருஷம் இருந்தவர் போன பிறகு அந்த நாற்காலியில் உட்காரும் பிள்ளையிடம் நாமும் இதைத்தான் செய்கிறோம்.

1989 அக்டோபரில், புதிய பருவத்தின் நான்கே ஆட்டங்களுக்குப் பிறகு, கார்சன் அணியை விட்டு வெளியேறினார். நவம்பரில் அவரை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து பெட்ர் கிளிமா, ஜோ மர்ஃபி, ஆடம் கிரேவ்ஸ் முதலியோரை எட்மன்டன் வாங்கிக்கொண்டது. 1990 மே மாதம், கிரெட்ஸ்கி இல்லாமலே, கோப்பை மறுபடி எட்மன்டனுக்கு வந்தது. ஜெலினா, கிரேவ்ஸ், மர்ஃபி மூவரும் ஒரே வரிசையில் ஆடினார்கள். "பாத்தியா, கணக்கு சரியாப் போச்சு!" என்பார்கள். கோப்பை காட்டுவது பேரம் லாபம் என்பதை மட்டும்தான். எட்மன்டன் தோற்றிருந்தால் கார்சனுக்கு நடந்தது கூடுதல் அநியாயம் ஆகியிருக்குமா என்ன?

கைமாற்றையே ஒழிக்கச் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம் என்கிறேன். கிரெட்ஸ்கி கிங்ஸ் முதலாளியோடு முன்பே பேசினார், தன்னோடு மார்ட்டி மெக்சார்லியும் வரவேண்டும் என்று கேட்டு வாங்கினார். கார்சனிடம் யாரும் "போறியாப்பா?" என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கால்பந்தில் ஆட்டக்காரர் புதிய கிளப்போடு ஒப்புக்கொள்ளாமல் மாற்றம் நடக்காது. வட அமெரிக்க ஹாக்கியில் அந்தப் பாதுகாப்பை ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கவேண்டும். இப்போதைய விதிப்படி 27 வயதோ ஏழு பருவமோ ஆன பிறகுதான் அது செல்லும். எல்லாரையும் கேட்டால் எட்மன்டன் போன்ற குளிர் ஊருக்கு யார் போவார்கள் என்று கிளப்புகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வாழ்க்கை அதிகம் மிச்சமிருப்பவனுக்குத்தான் வாய் குறைவு என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

1993 ஜனவரியில் இன்னொரு கைமாற்றில் கார்சன் மறுபடி லாஸ் ஏஞ்சல்ஸுக்கே வந்தார். இந்த முறை அவருக்கு எதிர்த்தட்டில் இருந்தவர் பால் காஃபி. அந்தப் பருவம் கிங்ஸ் இறுதிப்போட்டி வரை போய் மான்ட்ரியலிடம் தோற்றது. கார்சனும் கிரெட்ஸ்கியும் அப்போது ஒரே அணி.