கீரை சமைப்பவனின் கடன்

மகாபாரதத்தின் வனபருவத்தில், நச்சுப் பொய்கைக் கரையில் யட்சன் தருமனிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, மகிழ்ந்திருப்பவன் யார் என்பது. தருமனின் விடையில் அரசு இல்லை, வெற்றி இல்லை, வீடுபேறுகூட இல்லை. கடன்படாமல், ஊர்விட்டு ஊர் அலையாமல், பொழுது சாய்ந்த பிறகானாலும் தன் வீட்டில் கீரை சமைத்து உண்பவனே மகிழ்ந்திருப்பவன் என்கிறான். மூலத்தில் வரும் ‘சாகம்’ கீரைக்கும் காய்கறிக்கும் பொதுவானது. எளிய கறி என்பதே கருத்து. நேரத்தைக் குறிக்கும் தொடருக்குப் பகலின் ஐந்தாம் ஆறாம் பகுதி என்றும், ஐந்தாம் ஆறாம் நாள் என்றும் இருவிதமாகப் பொருள் கொள்வதுண்டு. இரண்டாவது பொருளில் அது பல நாள் பட்டினிக்குப் பிறகு கிடைக்கும் கீரை. இந்த விடையைச் சொல்பவன் 12 ஆண்டு வனவாசத்தின் முடிவில் நிற்கிறான்; தம்பியர் நால்வரும் எதிரே விழுந்து கிடக்கிறார்கள். அவனுக்கு வீடும் இல்லை, ஊரும் இல்லை. மகிழ்ச்சிக்கு அவன் சொல்லும் இலக்கணத்துக்கு எடை அங்கிருந்துதான் வருகிறது.

அந்த விடையில் கீரையைவிடக் கடன் என்ற சொல்லே கனமானது. வைதிக மரபில் கடன் என்பது வட்டிக்கு வாங்கிய பணம் மட்டுமன்று. மனிதன் பிறக்கும்போதே தேவர்க்கும் முனிவர்க்கும் முன்னோர்க்கும் கடன்பட்டுப் பிறக்கிறான். வீடு கட்டிக் குடியேறியதும் இன்னொரு கடன் சேர்கிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தும் இல்லறத்தானின் கொலைக்களங்கள் என்று மனுநூல் சொல்கிறது. இவற்றைப் பயன்படுத்தும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சிற்றுயிர்கள் மடிகின்றன. அதற்கு ஈடாகவே தேவர், முனிவர், முன்னோர், விருந்தினர், பிற உயிர்கள் என ஐவருக்கும் நாள்தோறும் செய்ய வேண்டிய ஐவகை வேள்விகளை அந்நூல் விதிக்கிறது. திருக்குறளும் இல்லறத்தான் ஓம்ப வேண்டியவர்களாக ஐவரைச் சொல்கிறது. ஆனால் அந்த ஐவரில் சுற்றத்தையும் அவனையும் சேர்த்துக்கொள்கிறது. மனுவின் கணக்கில் இல்லறத்தான் எல்லோருக்கும் கொடுத்து முடித்தபின் மிச்சத்தை உண்பவன். பொழுது சாய்ந்து சமைத்து உண்பவன் என்று தருமன் சொன்னதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிப்பது பொருந்தும். அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. யாருக்கும் கடன்படாமல் ஒரு பிடி கீரையை உண்ண முடியுமா?

முடியாது என்று மிகக் கறாராகச் சொன்னவர்கள் சமணர்கள். செடிகொடிகளுக்குத் தொடுவுணர்வு என்னும் ஒரு புலன் உண்டு என்பது அவர்கள் கொள்கை. தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றே வகுக்கிறது. சமணம் தாவரங்களுக்குள்ளும் வேறுபாடு காண்கிறது. ஓர் உடலில் ஓர் உயிர் தங்கும் தாவரம் ஒரு வகை. ஓர் உடலில் எண்ணற்ற உயிர்கள் ஒட்டி வாழும் தாவரம் இன்னொரு வகை. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, முள்ளங்கி போன்றவை இரண்டாம் வகை என்பதால் விலக்கப்படுகின்றன. கீரை அப்படி முழுதும் விலக்கப்பட்டதன்று. ஆனால் அட்டமி, சதுர்த்தசி நாள்களில் பச்சைக் காய்களையும் கீரையையும் விடுவது சமணக் குடும்பங்களில் பரவலான வழக்கம். மழைக்கால நான்கு மாதங்களில் கீரையை அறவே விடுவோரும் பலர். அந்நாள்களில் குஜராத், ராஜஸ்தான் சமண வீடுகளில் கடலைமாவும் பயறும் அப்பளமும் கறியின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

கீரை ஆய்ந்தவர்களுக்கு இந்த விதியின் நியாயம் எளிதில் புரியும். பாலக் தரையை ஒட்டி வளரும் கீரை. மழை மண்ணை வாரி இறைத்து இலையின் அடிப்புறத்தில் ஒட்டவைக்கும். ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தால் நரம்போரம் முட்டைகள் கொத்தாக இருக்கும். இலைக்குள்ளேயே புழு சுரங்கம் குடைந்து போன வெள்ளைக்கோடு தெரியும். அகன்ற பாத்திரத்தில் நீர் நிறைத்துக் கீரையை அமிழ்த்தி, கொஞ்ச நேரம் விட்டு, நீரைச் சாய்க்காமல் இலைகளை மட்டும் மேலோடு அள்ளி எடுக்க வேண்டும். சாய்த்தால் அடியில் தங்கிய மண்ணெல்லாம் திரும்பவும் கீரைமேல் விழும். மூன்று நீர் மாற்றிய பிறகும் மழைக்காலக் கீரையில் சிற்றுயிர் எதுவும் இல்லை என்று யாராலும் உறுதி கூற முடியாது. சமைப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தீராத ஓர் ஐயம் அங்கே மிஞ்சுகிறது. அந்த ஐயத்தின் பலனைச் சமைப்பவருக்குக் கொடுக்காமல் உயிருக்குக் கொடுப்பதுதான் சமண விதி. இந்த அளவுக்குக் கூர்மையான அறவுணர்வைக் கீரைக்கட்டின் முன் உட்கார்ந்து வளர்த்துக்கொண்ட மரபு வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

வைணவர்களின் சாதுர்மாசிய நோன்பு வெளிப்பார்வைக்கு இதைப் போன்றதே. ஆஷாட மாத வளர்பிறை ஏகாதசியில் திருமால் துயில்கொள்வதாகவும், கார்த்திக மாத வளர்பிறையில் எழுவதாகவும் நம்பிக்கை. இடைப்பட்ட நான்கு மாதங்களில் முதல் மாதம் கீரையும், இரண்டாம் மாதம் தயிரும், மூன்றாம் மாதம் பாலும், நான்காம் மாதம் பருப்பு வகையும் விடப்படுகின்றன. மாத்வர்கள் முதல் மாதத்தில் கீரையோடு காய், பழம், புளி, மிளகாய் வரை விலக்குகிறார்கள். மிளகும் சீரகமும் பயத்தம்பருப்பும் நெய்யும் அந்த மாதச் சமையலைத் தாங்குகின்றன. கௌடீய வைணவர்கள் இலைக்கீரையை மட்டும் விடுகிறார்கள். அவர்களுடைய நான்காம் மாத விலக்கு உளுந்து. மழைக்காலத்தில் கீரையில் புழு சேரும், செரிமானம் குன்றும் என்ற விளக்கம் இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது பொய்யன்று, ஆனால் போதாது. உடல்நலம் மட்டுமே காரணமென்றால் அடுத்த மாதமே, மழை ஓயாத நிலையில், கீரை இலைக்குத் திரும்பித் தயிர் விலகுவதற்கு விளக்கம் கிடைக்காது. அன்றாடத் தட்டில் இருக்கும் ஒவ்வொன்றும் முறைவைத்து ஒரு மாதம் வெளியே நிற்கிறது. அருவருப்பானதை விடும் நோன்பன்று இது. விருப்பமானதை விடும் நோன்பு.

இதற்குச் சான்று கௌடீய மரபிலேயே இருக்கிறது. அதன் முதல்வரான சைதன்யர் (1486–1534) கீரையின்மேல் கொண்டிருந்த விருப்பம் வங்காளம் முழுதும் அறிந்தது. பிருந்தாவன தாசர் எழுதிய சைதன்ய பாகவதம் அதை விரித்துச் சொல்கிறது. துறவு பூண்ட மகன் சாந்திபுரத்தில் அத்வைதர் வீட்டுக்கு வந்திருக்கிறார். தாய் சசிதேவி அங்கே வந்து, மகனுக்குக் கீரை பிடிக்கும் என்பதால் 20 வகைக் கீரை சமைக்கிறாள். மகன் ஒவ்வொன்றாக உண்டு, ஒவ்வொரு கீரையின் பேரையும் சொல்லி, அதனால் என்ன பேறு கிட்டும் என்று புகழ்கிறார். அக்கீரைகளில் ஒன்றான வாஸ்துகம் தமிழ்நாட்டில் சக்கரவர்த்திக் கீரை எனப்படுவது. பாலக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டைத் துறந்தவர் தாயின் கைக்கீரையைத் துறக்கவில்லை. அவர் வழிவந்தவர்கள் ஆண்டுக்கொரு மாதம் அதே கீரையை அவர் தெய்வத்துக்காக விடுகிறார்கள். விடுவதும் உண்பதும் அங்கே ஒரே அன்பின் இரண்டு செயல்கள்.

முனிவர்க்கும் முன்னோர்க்கும் உரிய கடனைக் கீரையாலேயே தீர்க்கும் நாள்களும் உண்டு. மகாராஷ்டிரத்தில் விநாயக சதுர்த்திக்கு மறுநாள் ரிஷி பஞ்சமி. நோன்பிருக்கும் பெண்கள் அன்று மாட்டு உழைப்பால் விளைந்த எதையும் உண்பதில்லை. ஏர் பிடிக்காத மண்ணில் தானாகவோ கையால் கொத்தியோ விளைந்த தண்டுக்கீரை, சேம்பிலை, காய்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ரிஷிபாஜி என்ற கறி செய்கிறார்கள். இங்கே இலையின் உயிரைப் பற்றிய கவலை இல்லை; நுகத்தடி சுமக்கும் எருதைப் பற்றிய கவலையே இருக்கிறது. உணவின் தூய்மையை அது யாருடைய உழைப்பில் வந்தது என்பதை வைத்து அளக்கும் இந்த நோன்புக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. வங்காளத்தில் காளி பூசைக்கு முந்தைய நாளான பூத சதுர்த்தசியில் 14 கீரைகளைச் சேர்த்துச் சமைப்பார்கள். அன்று மாலை 14 தலைமுறை முன்னோர்க்கு 14 விளக்குகள் ஏற்றுவார்கள். வேம்பு, கடுகு, சக்கரவர்த்தி, சீந்தில், ஆரை என்று நீளும் அந்தப் பட்டியலில் பாதிக்குமேல் யாரும் விதைக்காமல் வேலியோரத்திலும் குளக்கரையிலும் முளைப்பவை.

தெய்வத்துக்கு இலையே போதும் என்பது கீதையின் ஒன்பதாம் அத்தியாயம் தரும் உறுதி. உத்தியோக பருவத்தில் கண்ணன் துரியோதனன் விருந்தை மறுத்து விதுரர் வீட்டில் உண்கிறான். அன்பு இருந்தால் உண்ணலாம், இடுக்கண் வந்தால் உண்ணலாம்; உன்னிடம் முதலாவது இல்லை, என்னிடம் இரண்டாவது இல்லை என்பது மறுப்பின் சாரம். விதுரர் என்ன பரிமாறினார் என்பதைப் பிற்கால வடநாட்டு பக்தி மரபு கீரை என்று முடிவுசெய்துகொண்டது.

தமிழில் இதே கருத்தைப் பெரியபுராணம் கடினமான இடத்துக்குக் கொண்டுபோகிறது. அரிவாட்டாயர் நாள்தோறும் சிவனுக்குச் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் படைப்பவர். வறுமை வந்து கூலிக்கு நெல்லறுக்கப் போனபோது செந்நெல்லைப் படைத்துவிட்டுக் கார்நெல்லை உண்டார். விளைந்ததெல்லாம் செந்நெல்லாகிவிட, அவர் மனைவி கொல்லையில் பறித்த கீரையே அவருக்கு உணவாயிற்று. பிறகு அதுவும் அற்றது. இளையான்குடி மாறனார் வீட்டில், மழையிரவில் வந்த அடியவருக்காக, முற்றாத கீரையை மாறனார் குழியிலிருந்து பறித்துத் தர, அந்த ஒன்றையே பல கறிகளாகச் சமைக்கிறார் மனைவியார். இரண்டு கதைகளிலும் கணவர் புகழப்படுகிறார். ஆனால் முதல் கதையில் கீரையைப் பறித்தவளும் இரண்டாவதில் அதை ஆக்கியவளும் மனைவி. கடன் தீர்க்கப்படுவது பெரும்பாலும் அவள் கையால்தான் என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை.

ஆனால் எல்லாக் கீரையும் நோன்புமன்று, படையலுமன்று. சிறுபாணாற்றுப்படையில் பசியால் மெலிந்த, கிணைப்பறை கொட்டும் குடிப் பெண் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைத்து, பழி தூற்றுவோர் பார்ப்பார்களே என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். புறநானூற்றில் பெருங்கோப்பெண்டு, கைம்பெண் உணவான புளியிட்டு அட்ட வேளைக்கீரையை உண்டு வாழ்வதைவிடத் தீப்பாய்வதே மேல் என்கிறாள். யட்சனுக்குத் தருமன் சொன்ன அதே எளிய கறிதான் இதுவும். ஒருவர் தேர்ந்துகொண்ட எளிமைக்கும் அவர்மேல் சுமத்தப்பட்ட எளிமைக்கும் ஒரே பெயர் சூட்டி, இரண்டையும் மனநிறைவு என்று புகழ்வது பெரும்பிழை. கடனில்லாமையும் தன் வீடும் தருமன் விடையில் முன்நிபந்தனைகளாக நிற்பது இதனால்தான். அந்தக் கிணைமகள் வீட்டுக் கீரையைப் பொறுத்தவரை கடன்பட்டவர்கள் உண்டவர்கள் அல்லர், ஊரார்.

அந்தக் கடனைப் பந்தியில் வைத்துத் தீர்க்க முயன்றவை சில மரபுகள். புரி ஜகந்நாதர் கோயிலில் உருளைக்கிழங்கும் தக்காளியும் அடுக்களைக்குள் வருவதில்லை. கீரை மகாபிரசாதத்தில் உண்டு. ஆனந்த பஜாரில் அதைச் சாதி பாராமல் சேர்ந்து உண்ணலாம் என்பது மரபின் பெருமை. ஆனால் சில சாதியினருக்குக் கோயில் வாயில் நெடுங்காலம் மூடியே இருந்தது. சீக்கிய லங்கரில் அந்த வாயிலும் திறந்தது. மூன்றாம் குரு அமர்தாஸ் (1479–1574) தம்மைக் காண வருவோர் முதலில் பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என்று விதித்தார். பஞ்சாபின் குளிர்கால லங்கர்களில் கடுகுக்கீரையும் பாலக்கும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்து, மக்காச்சோள மாவு தூவிக் கடைந்த சாக் பரிமாறுவதுண்டு. மலைபோல் குவிந்த கீரையை ஆய்வது அங்கே சேவை. அதற்கு வருவோரிடம் சாதி, சமயம், ஊர் எதுவும் கேட்பதில்லை. உண்டு எழுந்தவரும் உட்கார்ந்து ஆயலாம், ஆய்ந்தவரும் அடுத்த பந்தியில் உட்காரலாம்.