மலிவுக் காவல் யார் கணக்கில்?

குறைந்த சம்பளம் வாங்கும் காவலர் தவறு செய்தால் அவரை எந்த அளவுக்குக் கண்டிக்கலாம்? கொடுக்கிற காசுக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்பார்கள் சிலர். கையில் துப்பாக்கி இருப்பவர் சம்பளத்தைக் காரணம் காட்டக் கூடாது என்பார்கள் வேறு சிலர். பின்னவர் பக்கம்தான் நியாயம். ஆனால் அது பாதி நியாயம்.

தமிழ்நாட்டில் காவலருக்குச் சம்பளம் தருவது மாநில அரசு. கடைக்கோடிக் காவல் நிலையத்துக் காவலருக்கும் சென்னைக் காவலருக்கும் ஊதிய விகிதம் ஒன்றே. அமெரிக்காவிலோ சில நூறு பேர் வாழும் ஊர்கூடத் தனக்கெனப் போலீஸ் வைத்துக்கொள்ளலாம். செலவு அந்த ஊரின் தலையில். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்டியில் மட்டும் சுமார் 90 குட்டி நகராட்சிகள். வசதியுள்ளவர்கள் வெளியேறி, கடைகள் மூடி, வீட்டு விலை சரிந்த ஊர்களில் வரி வரத்து வற்றியது. ஆனாலும் சொந்தப் போலீஸை விட மனம் வரவில்லை. அது ஊர்க் கௌரவம். சம்பளப் பணத்தைச் சாலையில், வண்டி ஓட்டுபவர்களின் அபராதத்தில் தேடினார்கள்.

அங்குள்ள ஃபெர்குசனில் 2014 ஆகஸ்டில் 18 வயது மைக்கேல் பிரவுனைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அதன்பின் மத்திய நீதித்துறை நகராட்சியின் கணக்கையும் கடிதங்களையும் புரட்டி, 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அபராதமும் கட்டணமுமாக 2010 நிதியாண்டில் வந்தது 13.8 லட்சம் டாலர். 2015 நிதியாண்டு பட்ஜெட்டில் எதிர்பார்த்ததோ 30.9 லட்சம், மொத்த வரவில் கிட்டத்தட்ட கால் பங்கு. அபராத டிக்கெட் எழுதுவதைக் கூட்டாவிட்டால் வசூல் ஏறாது என்று நிதி அதிகாரியே போலீஸ் தலைவருக்கு எழுதியிருக்கிறார். 2007இல் வண்டியைத் தவறாக நிறுத்திய ஒரு பெண்ணுக்கு 151 டாலரும் கட்டணங்களும் விதித்தார்கள். ஏழைப் பெண், தவணையோ நீதிமன்றத் தேதியோ தவறியதற்காக ஆறு நாள் சிறையில் இருந்தார். 550 டாலர் கட்டிய பிறகும், 2014 முடிவில் 541 டாலர் பாக்கி.

அந்த டிக்கெட்டை எழுதிய காவலரைத் திட்டலாம், திட்டத்தான் வேண்டும். மேலிடம் சொன்னது, வீட்டில் கஷ்டம் என்பதெல்லாம் அந்தப் பெண் சிறையில் கழித்த நாட்களுக்கு ஈடாகாது. அந்தப் பெண்ணும் பணமில்லாதவர்தானே. ஊராரின் கண்டனத்துக்குப் பலனும் உண்டு. பென்சில்வேனியாவின் டயோகா என்ற சிற்றூர், 2014இல் கிளீவ்லாந்தில் 12 வயதுச் சிறுவன் டமிர் ரைஸைச் சுட்டுக் கொன்றவரையே 2022இல் தன் காவலராக நியமித்தது. எதிர்ப்பு வெடித்ததும் சில நாளில் அவர் விலகிக்கொண்டார். சம்பளம் குறைவான ஊருக்குத் தேர்ந்தெடுக்க ஆள் அதிகம் இருக்காது. அதற்காக யாரையும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடுமா?

ஆனால் கண்டனம் காவலரோடு நின்றுவிட்டால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். போலீஸ் வேண்டும், வரி ஏறக் கூடாது என்று ஊர் தீர்மானித்தபோதே, செலவை யாரோ சுமக்கப் போகிறார்கள் என்பதும் தீர்மானமாகிவிட்டது. சுமந்தவர்கள் பின்விளக்கு எரியாத பழைய கார் வைத்திருந்தவர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். நலிந்த ஊரில் வரியைக் கூட்டுவது கொடுமை என்கிறார்கள். வரி பலர் தலையில் பரவும். அபராதம் இருப்பவர்களிலேயே இளைத்தவரைப் பிடிக்கும். இதில் எது கொடுமை?

ஃபெர்குசனும் நீதித்துறையும் பேசி உருவாக்கிய சீர்திருத்த ஒப்பந்தத்தில், கவுண்டியில் அதே அளவுள்ள காவல்துறைகளில் நல்ல சம்பளம் தருபவற்றுக்கு ஈடாகக் காவலர் சம்பளத்தை வைக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. நல்ல ஆட்களை ஈர்க்க அது வேண்டும் என்பது நீதித்துறையின் கணக்கு. செலவுக்கு அஞ்சிய நகர மன்றம் 2016 பிப்ரவரியில் அந்த விதியை நீக்கச் சொன்னது. மறுநாளே மத்திய அரசு வழக்குப் போட்டது; மார்ச்சில் மன்றம் ஒப்பந்தத்தை ஏற்றது. ஏப்ரலில் இரண்டு வரி உயர்வுகள் வாக்காளர் முன் வந்தன. கடையில் பொருள் வாங்கும் எல்லோரும் கட்டும் விற்பனை வரி நிறைவேறியது. சொத்து வரிக்கும் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரவு தந்தார்கள். ஆனால் சட்டம் கேட்ட ஏழில் நான்கு பங்கு கிடைக்காமல் அது தோற்றது.