வில்லங்கம்

“உங்க பாட்டனுக்குப் பாட்டன் பேரு என்ன?”

எங்கள் வாசக வட்டத்துக்கு ஒருமுறை வந்திருந்த அமெரிக்கக் கறுப்பின ஆய்வு மாணவி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் விழித்தேன். தாத்தா பேர் தெரியும். அவருடைய அப்பா பேரும் தெரியும், அதுவும் தாலுகா ஆபீசில் ஒரு பழைய பதிவேட்டைப் பார்த்ததால். அதுக்கு மேல இருட்டு. எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். சோழ ராஜாக்களின் வம்சாவளியை வரிசை பிசகாமல் ஒப்பிப்பேன். சொந்தப் பாட்டனுக்கு மேல் ஒரு பேர் சொல்ல வாய் வரவில்லை.

அவர் சிரிக்கவில்லை. “எனக்கும் அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம். எங்க ஆளுங்க பேரு காகிதத்துல இருக்கு. குதிரை, கலப்பை, கட்டில், அதுக்கப்புறம் நாங்க” என்றார்.

அவர் சொன்னது ஓர் உயிலை. வர்ஜீனியாவில் புரட்சிப் படையில் அதிகாரியாக இருந்த ஒரு பண்ணைக்காரனின் உயில். ஆற்றோர நிலம் மூத்த மகனுக்கு. ஒரு தாயும் அவள் பிள்ளைகளும் மகளுக்கு. அந்தத் தாயின் வழியில் வந்தவர்தான் இந்த மாணவி. அதே உயிலைப் பிடித்துக்கொண்டு, ‘என் மூதாதை நாட்டின் விடுதலைக்குப் போரிட்டவர்’ என்று பெருமை பேசுகிற இன்னொரு குடும்பமும் இருக்கிறது. காகிதம் ஒன்று, வாரிசுகள் ரெண்டு தரப்பு. ஒரு தரப்பு சொத்தைப் பெற்றவர்கள். இன்னொரு தரப்பு சொத்தாக இருந்தவர்கள்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. மூதாதையின் நிலத்தை வாங்கிக்கொள்கிறவன், அந்த நிலத்தின் மேல் இருக்கிற மற்றதையும் வாங்கிக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா?

அமெரிக்காவில் வம்சாவளி தேடுவது பெரிய வேலை. 1775 முதல் 1783 வரை பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த போரில் தன் மூதாதை பங்கெடுத்தான் என்று நிரூபித்துவிட்டால் அது ஒரு பட்டம் மாதிரி. அப்படி நிரூபித்த பெண்களுக்கென்றே 1890இல் தொடங்கிய சங்கம் இன்றும் இருக்கிறது. 1939இல் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்புப் பாடகிக்குத் தன் அரங்கைத் தர மறுத்த சங்கம் அது. தேடுகிறவர்களுக்குத் துணையாக ஓய்வூதிய மனு இருக்கிறது, உயில் இருக்கிறது, போரிட்டதற்காகக் கொடுத்த நிலத்தின் பத்திரம் இருக்கிறது. சாதாரணச் சிப்பாய்க்கு 100 ஏக்கர், கர்னலுக்கு 500 ஏக்கர் என்று 1776இலேயே அவர்களுடைய காங்கிரஸ் வாக்குக் கொடுத்தது. அந்த நிலம் எந்த மகனுக்குப் போச்சு, எந்தப் பேரன் விற்றான் என்று பத்திரம் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு போனால் குடும்பம் கிடைத்துவிடும். நிலம் பேரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கறுப்பர் தேடினால்? 1790இல் எடுத்த முதல் மக்கள் கணக்கெடுப்பில் அடிமைகள் வெறும் எண்ணிக்கை. 1850இலும் 1860இலும் அடிமைகளுக்கென்று தனிப்பட்டியல் போட்டார்கள். அதிலும் வயது, ஆணா பெண்ணா, நிறம், உடையவன் பேர் இவ்வளவுதான். விடுதலையானவர்கள் எல்லோருக்கும் பேர் எழுதிய முதல் கணக்கு 1870இல் வந்தது. அதற்கு முன்னால் போகவேண்டுமானால் ஒரே வழிதான். தன் பாட்டியைத் தேட, பாட்டியை அடிமையாக வைத்திருந்தவன் வீட்டுக் கணக்கைப் புரட்ட வேண்டும்.

இது ஏதோ எழுத்தர் செய்த பிழை இல்லை. சட்டம். குழந்தை தாயின் நிலையையே அடையும் என்று வர்ஜீனியா 1662இல் சட்டம் போட்டது. அப்பன் ஆண்டையாகவே இருந்தாலும் தாய் அடிமையென்றால் பிள்ளை அடிமை. 1705இல் இன்னொரு சட்டம்: அடிமைகள் அசையாச் சொத்து. அதாவது நிலம் எப்படி வாரிசுக்கு இறங்குமோ அப்படியே மனிதர்களும் இறங்குவார்கள். புரட்சி நடந்துகொண்டிருந்த 1780இல், போர் முடியும்வரை இருக்கிற சிப்பாய்க்கு 300 ஏக்கர் நிலமும், கூடவே பத்திலிருந்து முப்பது வயதுக்குள் ஆரோக்கியமான ஓர் அடிமையோ அறுபது பவுனோ தருகிறோம் என்று அதே வர்ஜீனியா அறிவித்தது. விடுதலைப் போருக்குக் கூலி ஓர் அடிமை! இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்த நிலமாவது அவர்களுடையதா என்றால் அதுவும் இல்லை. 1779இல் புரட்சிப் படை நியூயார்க் பகுதியில் இராக்குவாய் மக்களின் ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் கொளுத்தியது. பிறகு அங்கே 600 ஏக்கர் துண்டுகளாக அளந்து சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். புரட்சியின் பக்கம் நின்று சண்டை போட்ட ஒனைடா மக்களும் கடைசியில் நிலத்தை இழந்தார்கள்.

எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் எழுதிய தாமஸ் ஜெஃபர்சனையே எடுத்துக்கொள்வோம். அவருடைய மாமனார் ஜான் வெய்ல்ஸ் 1773இல் செத்தபோது ஜெஃபர்சன் குடும்பத்துக்கு வந்தது 11,000 ஏக்கர் நிலம், 135 அடிமைகள், கூடவே பெருங்கடன். அந்த 135 பேரில் ஒரு கைக்குழந்தை சாலி ஹெமிங்ஸ். அவளும் வெய்ல்ஸுக்குப் பிறந்தவள்தான் என்று வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அப்படியானால் ஜெஃபர்சன் மனைவி மார்த்தாவின் தங்கை அவள். ஒரே அப்பன். அக்காவுக்கு நிலம் இறங்கியது. தங்கை நிலத்தோடு சேர்ந்து இறங்கினாள்.

பின்னால் சாலிக்குப் பிறந்த பிள்ளைகளின் தகப்பன் ஜெஃபர்சன்தான் என்று அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது. யாரும் நம்பவில்லை. 1998இல் மரபணுச் சோதனை வந்தபிறகுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துக்கொண்டார்கள். வாய்மொழியாகச் சொன்னால் கட்டுக்கதை, வெள்ளைக்காரன் எழுதி வைத்தால் ஆவணம் என்பதுதானே நியாயம்!

1826இல் ஜெஃபர்சன் செத்தார். உயிலில் ஐந்து ஆண்களுக்கு விடுதலை கொடுத்திருந்தார். அதில் இருவர் சாலியின் பிள்ளைகள். மற்றவர்களில் 130 பேரைக் கடனை அடைக்க 1827 ஜனவரியில் ஏலம் விட்டார்கள். மாண்டிசெல்லோ மாளிகையும் 1831இல் விலைபோனது. கல்லறைத் தோட்டம் மட்டும் குடும்பத்திடம் தங்கியது. ஜெஃபர்சனின் மகள்கள் வழியில் வந்தவர்களின் சங்கம் அதை வைத்திருக்கிறது. சாலியின் வழிவந்தவர்களையும் உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று 2002இல் வாக்கெடுத்தபோது, கூடாது என்று முடிவாகியது. உறுப்பினருக்குத்தான் அங்கே புதைபட உரிமை. செத்தபிறகும் தனிச் சுடுகாடு. இந்தக் கதையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதே ஜெஃபர்சன் 1789இல் பாரிசிலிருந்து தன் நண்பர் மேடிசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பூமி உயிரோடிருப்பவர்களுக்குத்தான் சொந்தம், செத்தவர்களுக்கு அதன்மேல் அதிகாரம் கிடையாது, ஒரு தலைமுறை தன் கடனை அடுத்த தலைமுறை தலையில் கட்டக் கூடாது என்பது அதன் சாரம். அழகான தத்துவம்தான். ஆனால் செத்துப்போன மாமனாரின் கையெழுத்தில் தனக்கு இறங்கிய 135 பேரைப் பற்றி அந்தத் தத்துவம் வாய் திறக்கவில்லை. செத்தவனுக்கு அதிகாரம் இல்லையென்றால் அந்த உயிலுக்கு மட்டும் அதிகாரம் எப்படி வந்தது? கடன் என்றால் முப்பாட்டன் செத்துப்போயிட்டான். சொத்து என்றால் முப்பாட்டன் உயிரோட இருக்கான்!

அந்தக் காலத்திலேயே இதை வேறு மாதிரி யோசித்தவர் தாமஸ் பெய்ன். 1797இல் அவர் சொன்னது: பூமி ஆதியில் எல்லோருக்கும் பொது. உழைத்துச் சீர்திருத்திய மதிப்புதான் தனியாருடையது. ஆகவே நிலம் வைத்திருக்கிறவன் மற்றவர்களுக்கு வாடகை கடன்பட்டிருக்கிறான். அதை அவன் செத்து, சொத்து கைமாறும்போது வசூலித்து, இருபத்தொரு வயதாகும் ஒவ்வொருவருக்கும் பதினைந்து பவுன் கொடுக்க வேண்டும். ஜோதிராவ் பூலே இந்தப் பெய்னைப் படித்தவர். 1873இல் தன் ‘குலாம்கிரி’ நூலை, கறுப்பர்களின் அடிமைத்தளையை அறுக்க நின்ற அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

இப்போது எதிர்க்கேள்விக்கு வருகிறேன். அங்கேயும் கேட்கிறார்கள், இங்கேயும் கேட்கிறார்கள். “என் பாட்டன் செஞ்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நான் யாரையும் அடிமையா வெச்சிருந்தேனா?” இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பாவம் பிறப்பால் வரும் என்று சொன்னால் முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் நாம்தான். போன ஜென்மத்துப் பாவம், அதான் சேரியில பொறந்திருக்கே என்று சொல்லித்தானே நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள்? ரத்தத்தில் தீட்டு ஓடுகிறது என்பது சாதியின் சித்தாந்தம். அதைத் திருப்பிப்போட்டு, வெள்ளைக்காரன் ரத்தத்தில் குற்றம் ஓடுகிறது, ஆண்டை வீட்டுப் பிள்ளை பிறக்கும்போதே குற்றவாளி என்று நாம் பேச முடியாது. பேசினால் மனுவுக்கு நாமே சாட்சி சொன்னதாகிவிடும்.

ஆனால் கடன் வேறு. கடன் ரத்தத்தில் ஓடுவதில்லை, பத்திரத்தில் ஓடுகிறது. நம் ஊரில் நிலம் வாங்கப் போனால் முதல் கேள்வி, “வில்லங்கம் போட்டுப் பாத்தியா?” என்பதுதான். அடமானம் இருந்தால், வாங்குகிறவன் நல்லவனா கெட்டவனா என்று அது பார்க்காது. நிலம் எந்தக் கைக்குப் போகிறதோ அந்தக் கைக்கு வில்லங்கமும் போகும். நிலமும் வேண்டாம், மூதாதையின் பேரும் வேண்டாம் என்று ஒதுங்கியவனிடம் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை. நிலத்தை வைத்துக்கொண்டு, பேரைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு, வில்லங்கத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்லை என்கிறவனிடம்தான் கேள்வி.

இதை முதலில் தெளிவாகக் கேட்டவர் எழுதத் தெரியாத ஒரு பெண். பெலிண்டா. ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுமியாகப் பிடிபட்டு, மாசசூசெட்ஸில் ஐசக் ராயல் குடும்பத்துக்கு ஐம்பது வருஷம் உழைத்தவர். புரட்சி தொடங்கியபோது ராயல் ஓடிப்போனான். 1783இல் பெலிண்டா சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார். அந்தச் சொத்தில் ஒரு பகுதி என் உழைப்பால் சேர்ந்தது, அதிலிருந்து எனக்குக் கொடுங்கள் என்றார். ராயலின் பிள்ளைகள் பாவிகள் என்று அவர் சொல்லவில்லை. சொத்தைக் காட்டினார், கணக்குக் கேட்டார். வருஷத்துக்கு 15 பவுன் 12 ஷில்லிங் என்று தீர்ப்பானது. சீக்கிரமே பணம் நின்றது. திரும்பத் திரும்ப மனுப் போட்டார். ராயல் எழுதிவைத்த நிலமோ ஹார்வர்டுக்குப் போய், 1815இல் சட்டப் பேராசிரியர் பதவியானது. அந்தக் குடும்பத்தின் சின்னத்தை ஹார்வர்டு சட்டப் பள்ளி கைவிட்டது 2016இல். சின்னத்தை எடுப்பது சுலபம்.

அங்கே தோற்ற கைதான் இங்கே வந்து நிலத்தை எழுதியது. 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த காரன்வாலிஸ் 1786இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தவர். அவர் 1793இல் வங்காளத்தில் கொண்டுவந்த ஜமீன்தாரித் திட்டம் 1802இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. இங்கேயும் பண்ணையாள் நிலத்தோடு கைமாறினான். அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் போனது 1843இல். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீரின் 1891 அறிக்கைக்குப் பிறகு, 1892இல் வந்த ஆணையில்தான் பஞ்சமருக்கு நிலம் கிடைத்தது. அதுவும் எப்படிப் பறிபோனது என்பதை 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூட்டில் செத்த ஜான் தாமஸும் ஏழுமலையும் சொல்வார்கள்.

எங்கள் குடும்பத்துக்கும் ஒரு ஏக்கர் டி.சி. நிலம் இருந்தது. தாலுகா ஆபீசில் நான் பார்த்தது அந்தப் பதிவுதான். தாத்தா காலத்தில் அடமானத்துக்குப் போனது, திரும்பவில்லை. மீட்க மனு எழுத உட்கார்ந்தபோது வாரிசு வரிசையைப் போட்டேன். பெரியப்பா, அப்பா, சித்தப்பா. மடமடவென்று எழுதி முடித்துவிட்டேன்.

அத்தை பேரை எழுதவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். அந்த நிலத்தில் களை எடுத்தது அவள். தாத்தா கடைசிக் காலத்தில் கஞ்சி குடித்தது அவள் வீட்டில். 1956 வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குப் பங்குண்டு. “பொம்பளப் புள்ளைக்கு என்னடா நெலம், கட்டிக் குடுத்தாச்சு” என்றார் பெரியப்பா. நானும் பேசாமல் இருந்தேன். அடிமை என்று எழுத மட்டும் தாய்வழி, நிலம் என்று எழுதத் தகப்பன்வழி என்ற அந்த வர்ஜீனியாக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்த அதே மாதம் இது.

மனுவைத் திருத்தி எழுதிவிட்டேன். நாலாவது பேர் அத்தையுடையது. பெரியப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அத்தையிடம் போய்ச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

“எம் பேர முழுசா எழுதினியா, இல்ல இன்னார் பொண்டாட்டின்னு எழுதினியாடா?”