தோற்ற கேப்டன்

காட்டாங்குளத்தூரில் ஐபிஎல் மாதங்களில் டீக்கடைப் பேச்சு கடைசியில் ‘ஸ்கிரிப்ட்’ என்ற சொல்லில் போய் நிற்கும். கேட்ச் நழுவினால் ஸ்கிரிப்ட், நன்றாக வீசிக்கொண்டிருந்தவர் நோபால் போட்டால் ஸ்கிரிப்ட். ஜிஎஸ்டி சாலையோரம் விடுதிப் பையன்கள் செல்போனைப் பிஸ்கட் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, “எல்லாம் எழுதி வச்சதுதான் சார்” என்று சிரிக்கிறார்கள். அடுத்த பந்துக்கு மறுபடியும் கத்துகிறார்கள். ஆட்டம் பொய்யாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடேயே வளர்ந்தவர்கள், அதனால் அவர்களுக்கு வலிப்பதில்லை. எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்த எண்ணம் 2000-ல் வந்தது. ஒரு மனிதர் வழியாக வந்தது.

முகமது அசாருதீன் 1984 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில் தொடங்கிய டெஸ்டில் அறிமுகமாகி 110 அடித்தார். அடுத்த டெஸ்ட் சேப்பாக்கத்தில், ஜனவரி 13 அன்று, பொங்கலை ஒட்டித் தொடங்கியது. ஃபௌலரும் கேட்டிங்கும் ஆளுக்கொரு இரட்டைச் சதம் அடிக்க, நீல் ஃபாஸ்டர் 11 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் அதைத் தோற்ற டெஸ்டாக யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ரேடியோவில் தமிழ் வர்ணனை கேட்டுக்கொண்டு கரும்பு கடித்த எங்களுக்கு அது, இரண்டாவது இன்னிங்ஸில் 105 அடித்த ஒரு ஒல்லிப் பையனின் டெஸ்ட். கான்பூரில் இன்னொரு சதம், 122. முதல் மூன்று டெஸ்டிலும் சதம் என்பது அதற்கு முன் யாரும் செய்யாதது.

டிவியில் பார்க்கக் கிடைத்தபோதுதான் மணிக்கட்டு தெரிந்தது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை, கடைசி நொடியில் கையை ஒரு திருப்புத் திருப்பி மிட்விக்கெட்டுக்கு அனுப்புவார். அடித்த மாதிரியே இருக்காது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஏரிக்கரைகளில் டென்னிஸ் பந்தில் ஆடிய பையன்களில் பாதிப் பேர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது அவரைப் பார்த்துத்தான். கழுத்தில் தாயத்துக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஐதராபாத்துக்காரர், முஸ்லிம், அதிகம் பேசாதவர் என்பதெல்லாம் பிறகு எங்களுக்குத் தெரிந்த விவரங்கள். மணிக்கட்டு முதலில் வந்தது.

2000 ஏப்ரல் 7 அன்று தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோனியே சூதாட்டக்காரர்களோடு பேசிய பதிவு இருப்பதாக டெல்லி போலீஸ் சொன்னபோது, நம்மவர்களே பலர் போலீஸைத்தான் கேலி செய்தார்கள். குரோனியேவாவது, பணம் வாங்குவதாவது! நான்கே நாளில் அவர் தான் முழு நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஜூனில், இதை விசாரித்த கிங் கமிஷன் முன்னால் இன்னொன்றும் சொன்னார்: 1996-ல் கான்பூர் டெஸ்டின்போது முகேஷ் குப்தா என்ற புக்கியைத் தனக்கு அறிமுகப்படுத்தியவர் அசாருதீன். அசாருதீன் மறுத்தார். நவம்பரில் சிபிஐ அறிக்கை அவரைச் சூதாட்டக்காரர்களோடு தொடர்புபடுத்தியது. டிசம்பர் 5 அன்று கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை விதித்தது. கணக்கு 99 டெஸ்டில் நின்றுவிட்டது. அந்த 99-வது டெஸ்டிலும், பெங்களூரில், அதே குரோனியேவின் அணிக்கு எதிராக 102 அடித்திருந்தார்.

அப்போது தெருவில் கிளம்பிய பேச்சு விசித்திரமானது. “நான் அன்னைக்கே சொன்னேனே” என்று தொடங்கியவர்கள் சொன்னது கிரிக்கெட்டைப் பற்றி அல்ல. 1996-ல் அவர் முதல் மனைவியை விவாகரத்து செய்து நடிகை சங்கீதா பிஜ்லானியை மணந்ததைப் பற்றி. குடும்பத்தில் சரியில்லாதவன் ஆட்டத்திலும் சரியிருக்க மாட்டான் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. 2009-ல் கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸின் வீட்டு விவகாரங்கள் உலகம் முழுக்கச் சந்தி சிரித்தன. அவரை மனிதராக வெறுத்தவர்கள்கூட அவர் அடித்த பந்து குழிக்குள் விழவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டுத் தப்பு எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கிறது. அதை மன்னிப்பதும் மன்னிக்காததும் அந்த வீட்டாரின் பாடு. மேட்ச் ஃபிக்ஸிங் சந்தேகம் அப்படியல்ல, ஆட்டத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. நாம் பார்த்ததை நாம்தான் பார்த்தோமா என்று பின்னோக்கிப் போய்க் கேட்க வைக்கிறது.

கான்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். குரோனியே குறிப்பிட்ட அதே டெஸ்டில் அசாருதீன் ஆட்டமிழக்காமல் 163 அடித்தார், இந்தியா 280 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அதற்கு முந்தைய டெஸ்டில், கல்கத்தாவில், அடிபட்டு வெளியேறித் திரும்பி வந்து, தென்னாப்பிரிக்காவின் குளூஸ்னர் வீசிய ஒரே ஓவரில் தொடர்ந்து ஐந்து ஃபோர் அடித்து 109 எடுத்தார். கல்கத்தாவை இன்றும் போட்டுப் பார்க்கிறேன். கான்பூரைப் பார்க்க உட்காருவதில்லை. இடையில் ஒரு வாரம்தான். இந்தப் பிரிவினையில் நியாயம் ஒன்றும் கிடையாது என்று தெரியும்.

2009-ல் மொராதாபாத் மக்கள் அவரை எம்.பி. ஆக்கினார்கள். 2012 நவம்பரில் ஆந்திர உயர் நீதிமன்றம் தடை சட்டப்படி செல்லாது என்று ரத்து செய்தது. நல்லது. ஆதாரமில்லாமல் ஒருவரை ஆயுளுக்கும் ஒதுக்கி வைக்கக் கூடாது, தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் அன்று மாலை பழைய பிரியம் திரும்பி வந்ததா என்றால், இல்லை. வாசலில் நின்று பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, எதிர்பார்க்கவே இல்லை.

நான் இழந்தது ஒரு ஆளின் மேலிருந்த மரியாதை மட்டும்தானா என்று யோசிக்கும்போது எனக்கு 1999 ஜனவரி 31 நினைவுக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கம், பாகிஸ்தானோடு டெஸ்ட். ஜெயிக்க 271 வேண்டும். முதுகுவலியோடு சச்சின் 136 வரை இழுத்துக்கொண்டு போனார். அவர் அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான். மிச்ச மூன்று விக்கெட்டும் நான்கு ரன்னில் சரிந்தன. 12 ரன்னில் தோல்வி. மைதானம் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. வாசிம் அக்ரமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள்.

சென்னை ரசிகரின் பெருந்தன்மை என்று அதை இன்றுவரை சொல்லிக்கொள்கிறோம். பெருந்தன்மை மட்டும் போதாது. தோல்வி நிஜம் என்ற நம்பிக்கையும் வேண்டும். நம்மவர்கள் முழுமூச்சோடு ஆடித்தான் தோற்றார்கள் என்று அந்தக் கூட்டத்துக்குச் சந்தேகமில்லை, அதனால்தான் ஜெயித்தவனுக்குக் கைதட்ட முடிந்தது. மூன்று விக்கெட் நான்கு ரன்னில் இன்று விழட்டும், முதலில் என்ன சொல் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையன்களை நான் குறை சொல்லவில்லை. ஏமாறாமல் இருப்பது அவர்களுக்குச் சின்ன வயதிலேயே வாய்த்திருக்கிறது. ஆனால் எதிரணிக்காக எழுந்து நிற்கிற அந்தச் சந்தோஷம் அவர்களுக்கு வாய்க்கவே இல்லை, அப்படி ஒன்று உண்டு என்றும் தெரியாது.

சேப்பாக்கத்தில் அன்று தோற்ற அணியின் கேப்டன் அசாருதீன்தான். அந்த டெஸ்டைச் சந்தேகிக்க எனக்கு ஒரு காரணமும் கிடையாது, சந்தேகிக்கவும் மாட்டேன். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறதென்றால், அப்படி முடிவெடுத்துத்தான் அதை நம்ப வேண்டியிருக்கிறது என்பதற்காக.