கரையப்போகும் பிள்ளையாரை ஏன் ஆக்க வேண்டும்?

ஆவணி மாத வளர்பிறைச் சதுர்த்தியன்று தமிழ்நாட்டு வீடுகளில் களிமண்ணால் பிள்ளையார் பிடித்து, குன்றிமணியால் கண் வைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி வழிபட்டு, அன்றோ மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ நீரில் கரைத்துவிடும் வழக்கம் தன்னுள் ஒரு தத்துவக் கேள்வியைக் கொண்டிருக்கிறது. கரைவதற்கென்றே ஒன்றை ஏன் ஆக்க வேண்டும்? அச்சில் வார்த்த அழகான உருவம் கடைத்தெருவில் கிடைக்கும்போது, அதைக் குழந்தையின் பழகாத கையால் ஏன் ஆக்க வேண்டும் என்பதே அக்கேள்வி. வீட்டுக் கைவேலையைப் பற்றி இன்று எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி அதன் பயனை விரல்களின் திறனிலும் கவனத்திலும் கற்பனை வளர்ச்சியிலும் காண்கிறது. அப்பயன்கள் உண்மையானவையே என்றாலும் இக்கேள்விக்கு விடையாவதில்லை, ஏனெனில் திறன் வளர்வதற்குச் செய்த பொருள் கரைய வேண்டிய தேவை ஏதுமில்லை.

சைவ ஆகமங்கள் கோயிலில் நிலைபெற்ற திருமேனிகளோடு கணிக லிங்கம் என்ற ஒன்றையும் ஏற்கின்றன. மணல், ஆற்று மண், அரிசி, அன்னம், சாணம், வெண்ணெய், மாவு, வெல்லம், பூ முதலிய எளிய பொருள்களால் அவ்வேளைக்கென ஆக்கி, வழிபாடு முடிந்ததும் விட்டுவிடும் திருமேனி அது. வீட்டில் சதுர்த்திக்குப் பிடிக்கும் களிமண் பிள்ளையாரும், சுப காரியங்களில் முதலில் பிடித்து வைக்கும் மஞ்சள் பிள்ளையாரும் இயல்பால் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆவாகனம், அதாவது இறைவனை அவ்வுருவில் எழுந்தருளும்படி வேண்டல், செய்தபின் அது வழிபடு பொருளாகிறது. புனர்பூசை செய்து, உருவத்தைச் சற்று வடக்கே நகர்த்தி, எழுந்தருளியவரை அவர் இடத்துக்கு வழியனுப்பியபின் அது மீண்டும் மண்ணாகிறது. நீரில் கரையாத பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் உருவங்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் விலக்கியது நீர்நிலைகளைக் காப்பதற்காகத்தான். எனினும் கரைய மறுக்கும் பொருள் கணிகத் திருமேனியின் கருத்துக்கே பொருந்தாது என்பதும் சேர்த்து எண்ணத்தக்கது.

ஆக்கத்தைப் பற்றிச் சைவ சித்தாந்தம் சொல்வது இவ்விடத்தில் மிகவும் உதவும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய, 12 நூற்பாக்களே கொண்ட சிவஞானபோதமும், அதன் வழிநூலாக அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியாரும் உலகத் தோற்றத்தை மூவகைக் காரணங்களால் விளக்குகின்றன. குடம் ஒன்று தோன்ற, எதிலிருந்து அது ஆகிறதோ அந்த மண் முதற்காரணம். எவற்றைக் கொண்டு ஆகிறதோ அந்தத் தண்டும் சக்கரமும் துணைக்காரணம். ஆக்கும் அறிவும் விருப்பும் உடைய குயவர் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை முதற்காரணம், இறைவனது சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். குறையொன்றும் இல்லாத இறைவன் எதற்காகப் படைக்க வேண்டும் என்ற வினா அடுத்து எழுகிறது. பிரம்ம சூத்திரம் படைப்பை ஒரு பயனும் கருதாத விளையாட்டு, அதாவது லீலை, என்று கூறும்; சித்தாந்திகள் அதனோடு நிற்காமல், ஆணவம் என்னும் அறியாமையில் கட்டுண்ட உயிர்கள் பக்குவம் பெறுவதற்காகவே உடல், கருவி, உலகம், நுகர்ச்சி ஆகியவை படைத்துத் தரப்படுகின்றன என்பர். அழித்தல் கூடத் தண்டனையன்று, பிறந்தும் இறந்தும் களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் தருவது என்று சித்தியார் விளக்கும்போது, ஆக்கமும் அழிவும் ஒரே அருளின் இரு செயல்களாகின்றன.

இவ்விளக்கத்தை வீட்டுத் திண்ணையில் மண் பிசையும் குழந்தைக்குப் பொருத்திப் பார்த்தால், கரையும் பிள்ளையாரின் பயன் பிள்ளையாரிடத்தில் இல்லை, ஆக்கியவரிடத்தில் இருக்கிறது என்பது புலனாகும். உருவம் கரைந்தபின்னும் எஞ்சி நிற்பது அதைச் செய்த உயிரின் மாற்றம் மட்டுமே. கூடவே சங்கடமான ஒரு கேள்வியும் எழுகிறது: அந்தப் பிள்ளையாருக்கு நிமித்த காரணம் யார்? பல வீடுகளில் துதிக்கை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்றோ, வயிறு சப்பையாக இருக்கிறது என்றோ பெரியவர்கள் குழந்தையின் கையிலிருந்து மண்ணை வாங்கித் தாமே திருத்திவிடுகின்றனர். அன்பினால் நேர்வதே அது. ஆயினும் அந்தக் கணத்தில் குழந்தை ஆக்குபவர் என்ற நிலையிலிருந்து வேடிக்கை பார்ப்பவராக இறங்கிவிடுகிறது. குடும்பமாகச் செய்யும் கைவேலையில் பெற்றோருக்கு உரிய இடம் துணைக்காரணத்தின் இடமே: மண்ணைச் சலித்துப் பதமாகப் பிசைந்து தருவதும், கேட்டபோது மட்டும் செய்முறை காட்டுவதும், செய்ததைச் செய்தபடியே மனையில் ஏற்றிப் பூசைக்கு வைப்பதும் அவர்கள் பணி.

குழந்தை செய்ததைப் பெரியவர் மதியாமற்போவது எவ்வளவு கனமான செயல் என்பதைத் தமிழ்ச் சைவ மரபு ஒரு சிறுவனின் வரலாற்றால் சொல்லியிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திருச்சேய்ஞலூரைச் சேர்ந்த விசாரசருமர் பசு மேய்க்கும் இளம்பருவத்தில் மண்ணியாற்றங்கரை மணல்மேட்டில் ஆத்தி மரத்தின் கீழ் மணலால் சிவலிங்கமும், அதைச் சூழக் கோயிலும் மதிலும் அமைத்து, பசுக்கள் தாமே சொரிந்த பாலால் நீராட்டுகிறார். பால் வீணாகிறது என்று ஊரார் சொல்லக் கேட்டு வந்த தந்தை எச்சதத்தன், பூசையில் ஒன்றியிருந்த மகனை அடித்து, பாற்குடத்தையும் காலால் இடறுகிறான். மகன் அருகில் கிடந்த கோலை எடுக்க, அது மழுவாகித் தந்தையின் கால்களைத் துணிக்கிறது. இன்றைய வாசகருக்கு உறுத்தும் முடிவுதான் இது, அதை மென்மைப்படுத்திச் சொல்லவும் கூடாது. ஆனால் சேக்கிழாரின் கதையில் இறைவன் வெளிப்பட்டுத் தானே அச்சிறுவனுக்குத் தந்தையாகிச் சண்டீசப் பதவி தருகிறான். எச்சதத்தனும் குற்றம் நீங்கிச் சிவலோகம் சேர்கிறான். தந்தை கண்டது விளையாட்டும் வீணான பாலும். மகன் கண்டது இறைவனின் திருமேனி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மணல்வீட்டுக்கும் கோயிலுக்கும் வேறுபாடு தெரியாது என்பதும், அதைத் தீர்மானிக்கும் உரிமை ஆக்குபவருக்கே உண்டு என்பதும் இவ்வரலாற்றின் மறுக்க முடியாத பொருளாகும்.

குழந்தையின் ஆக்கத்தில் சமயப் பொருள் கண்டவர்கள் பிற மரபுகளிலும் உண்டு. லுத்தரன் போதகரின் மகனாக 1782இல் ஜெர்மனியில் பிறந்த ஃபிரெடரிக் ஃபுரூபெல், எல்லாவற்றிலும் ஒரே இறை ஒழுங்கு நிலவுகிறது என்றும், மனிதர் ஆக்கும்போது படைத்தவனின் சாயலை வெளிப்படுத்துகின்றனர் என்றும் நம்பியே கிண்டர்கார்டன் என்னும் பள்ளி முறையை உருவாக்கினார். அவர் வகுத்த விளையாட்டுப் பொருள்களில் மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம். அதைக் கொண்டு குழந்தை நாற்காலியும் படிக்கட்டும் அமைத்தபின், முடிவில் மீண்டும் முழுக் கனசதுரமாக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். இத்தனை பக்தி கொண்டவரின் பள்ளிகளை நாத்திகம் பரப்புவன என்று கூறிப் பிரஷ்ய அரசு 1851இல் தடை செய்தது வருத்தத்துக்குரிய வரலாறு. பகுத்து மீண்டும் முழுமைக்குத் திரும்பும் அவரது பெட்டிக்கும், மண்ணாகி மீளும் பிள்ளையாருக்கும் உறவு உண்டு. ஆனால் அவர் முறையில் துண்டுகள் ஒழுங்காக இருக்கின்றன, களிமண்ணோ ஒழுங்கைக் குழந்தையிடமே விட்டுவிடுகிறது.

எல்லாம் கரைந்தே ஆக வேண்டும் என்பது இக்கருத்துக்குத் தேவையில்லை. நவராத்திரிக் கொலுவில் பாட்டியின் மரப்பாச்சியும் பரம்பரைப் பொம்மைகளும் ஒற்றைப்படை எண்ணில் அமைந்த படிகளில் ஆண்டுதோறும் ஏறி, விசயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்தபின் துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குத் திரும்புகின்றன. அப்படிகளுக்குக் கீழே தரையில் குழந்தைகள் அமைக்கும் ‘பார்க்’ மட்டும் அவ்வாறு பாதுகாக்கப்படுவதில்லை: மணல் மேட்டு மலை, கண்ணாடித் துண்டால் குளம், கடுகும் கேழ்வரகும் முளைத்த பசும்புல், தீப்பெட்டியால் ஆன வீடு ஆகியவை ஒன்பது நாள் வாழ்ந்து மறைகின்றன. மரபாக வந்ததைக் காக்கும் படியும், புதிதாக ஆக்கிக் கலைக்கும் தரையும் ஒரே அறையில் அருகருகே இருப்பது நுட்பமான ஏற்பாடு. படிகளுக்கு விலையுயர்ந்த பொம்மை வாங்கும் ஆர்வத்தில் பார்க்கைக் கைவிடும் வீடுகள் கொலுவின் பாதியை இழக்கின்றன என்றே சொல்ல வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைக் காணொளிகளையும் நிமித்த காரணம் யார் என்ற அளவுகோலாலேயே மதிப்பிடலாம். 1978இல் தொழிற்சாலைப் பணியிலிருந்து விடுப்பு எடுத்து மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் சேர்ந்து பணியாற்றிய அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளை சைக்கிள் வால்வு குழாய்த் துண்டுகளால் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யும் முறையைப் பரப்பினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அவரது இணையதளத்தில் வீட்டுக் குப்பையிலிருந்து செய்யத்தக்க எண்ணற்ற பொம்மைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் சிறப்பு, குழந்தை உடைத்துப் பார்க்க அஞ்ச வேண்டாத மலிவான பொருளில் அவை அமைந்திருப்பது. காணொளி சக்கரமும் தண்டும் போன்ற துணைக்காரணமாக நிற்கும்வரை நல்லது. திரையில் தோன்றும் உருவத்தை அப்படியே பிரதி செய்வதே நோக்கமாகிவிட்டால், குழந்தையின் விருப்பு வெளியே போய், நிமித்த காரணம் திரைக்குள் குடியேறிவிடுகிறது. ஒருமுறை பார்த்தபின் திரையை அணைத்துவிட்டுச் செய்யச் சொல்வது இதற்கு எளிய பரிகாரம். செய்ததைப் படமெடுத்துப் பகிரும் அவசரத்தையும் அன்றைக்கு மட்டுமாவது தள்ளிப்போடலாம், ஏனெனில் பிறர் பார்ப்பதற்காகச் செய்யப்படுவது கரையச் சம்மதிப்பதில்லை.

கரைக்கும் வேளையில் அழும் குழந்தையிடம் தத்துவம் பேசுவது பொருந்தாது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் சிற்றில் எனப்படும் மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாமென்று கண்ணனை வேண்டுவதாக அமைந்திருக்கிறது. பிள்ளைத்தமிழிலும் ஆண்பாலுக்குச் சிற்றில் பருவம் ஒன்று உண்டு, அங்கும் சிறுமியரின் குரல் இறைவனிடமே மன்றாடுகிறது. செய்ததைக் காக்க விரும்பும் அந்த மன்றாட்டைச் சமய இலக்கியம் அறியாமை என்று ஒதுக்காமல் பாடலாகவே ஏற்றுக்கொண்டுள்ளது. ஆகவே, மனம் வராத குழந்தையின் பிள்ளையாரை இன்னும் சில நாள் மாடத்தில் இருக்கவிடலாம், அடுத்த சதுர்த்திவரை இருந்தாலும் குற்றமில்லை. மண்ணைப் பிடித்தது எவர் விருப்பமோ, அதை வாளி நீரில் இறக்கித் துளசித் தொட்டிக்கு ஊற்றுவதும் அவர் விருப்பமாகவே இருக்க வேண்டும்.