சீர்த்தட்டும் கேள்வியும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தின் எழுத்தறிவு 74 விழுக்காடு, அரியலூரில் 71. மாநில சராசரியோ 80. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2022 பிளஸ் டூ தேர்வில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது பெரம்பலூர். 2024 பத்தாம் வகுப்புத் தேர்விலும் 2025 பிளஸ் டூ தேர்விலும் அந்த இடம் அரியலூருக்குப் போனது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் முந்திரியும் விளைகிற ஊர்களின் பிள்ளைகள் இவர்கள். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்த தாய்மாரின் பிள்ளைகளும் இவர்களில் உண்டு.

தேர்ச்சிப் பட்டியல் வெளியாவது பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில். வேர் பிடிப்பது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில். அங்கேதான் அண்மைக் காலத்தில் ஒரு வழக்கம் தழைத்திருக்கிறது: கல்விச் சீர். ஊர்க் கோயிலடியில் கூடுகிறார்கள். மேளம் முன்னே போகிறது. தாம்பாளங்களில் தேங்காய், பழம், நோட்டு, பென்சில். பின்னால் வண்டியில் பீரோ, மின்விசிறி, நாற்காலி, தண்ணீர்க் குடம். பள்ளி வாசலில் ஆசிரியர்கள் சந்தனமும் கற்கண்டும் கொடுத்து வரவேற்கிறார்கள். காதுகுத்துக்குத் தாய்மாமன் கொண்டுவருகிற அதே முறை. இந்த இரு மாவட்டங்களில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் இது நடக்கிறது.

பார்க்க மனம் நிறைகிறது. ஆனாலும் அறம் பற்றிய ஒரு கேள்வி அந்த மேளச் சத்தத்துக்குள் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்கிறது அரசமைப்பின் 21-ஏ பிரிவு. உரிமையாகக் கிடைக்க வேண்டியதற்குக் கூலி வேலை செய்யும் பெற்றோர் ஏன் சீர் சுமக்க வேண்டும்? மின்விசிறி மாட்டுவது அரசின் கடமை என்றால், அதை ஊரார் வாங்கித் தருவது தர்மமா, கடமை தவறியவரைத் தப்பவிடுவதா?

கல்விக்குக் கொடை தருவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய ராஜேந்திர சோழனின் காலத்தில், எண்ணாயிரம் என்ற ஊரில் ஒரு பெரிய கல்விச்சாலை நடந்தது. 340 மாணவர்க்கு அன்றாடம் நெல் அளந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. வேதமும் இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும் பாடங்கள். அந்த நெல்லை விளைவித்த உழவரின் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. கொடையின் எல்லை இதுதான்: யார் படிக்கலாம் என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்வார். உரிமை அந்த முடிவை அவர் கையிலிருந்து எடுத்துவிடுகிறது.

அப்படியானால் ஊரார் கையைக் கட்டிக்கொண்டு அரசுக்காகக் காத்திருப்பதா? இதற்கு விடை காமராசர் காலத்தில் இருக்கிறது. அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் கூடியது. கட்டடம், பலகை, பெஞ்சு என்று ஊர்கள் அள்ளித் தந்தன. 1956-இல் வந்த மதிய உணவுத் திட்டமும் அரசுப் பணத்தோடு ஊராரின் பங்கும் சேர்ந்தே நடந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது அந்தப் பொறுப்பை அரசு தன் தோளில் ஏற்றுக்கொண்டது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. ஊரார் அன்று போட்ட அரிசி அரசைத் தப்பவிடவில்லை; பசியோடு ஒரு பிள்ளை பாடம் கேட்பது தகாது என்பதை நாடே ஒப்புக்கொள்ளும்படி செய்தது.

வள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். இல்லாதவருக்குக் கொடுப்பது வேறு. சேர்ந்து வாழும் ஊருக்குத் தன் பங்கைச் செலுத்துவது வேறு. கல்விச் சீர் இரண்டாவது வகை. தருவதும் பெறுவதும் ஒரே ஊர் என்பதால் அங்கே யாருடைய கையும் தாழ்வதில்லை.

தாழக் கூடாது என்பதுதான் முக்கியம். பீரோ தந்தவர் பெயர் பெயிண்டில் பளிச்சென்று நிற்க, நாலு நோட்டு கொண்டுவந்த அம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றால், அது கோயில் முதல் மரியாதையைப் பள்ளிக்குள் கொண்டுவருவதாகும். பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். எல்லாத் தெருவும் ஒன்றாக நிற்க முடியாத கோயிலடியிலிருந்து சீர் புறப்படுகிறதென்றால், புறப்படும் இடத்தை மாற்றுவதே சரி.

தட்டு ஏந்திய அந்த அம்மாவுக்குச் சட்டம் வேறொரு இடமும் தந்திருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். 2022-இல் தமிழ்நாட்டில் இக்குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர். தலைமைப் பொறுப்பும் பெற்றோருக்கே. பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், "என் பொண்ணு மூணாவது வந்தும் ஏன் சார் வாசிக்க மாட்டேங்குறா?" என்று தலைமையாசிரியரிடம் கேட்கிறாரே, அந்தக் கேள்வி பீரோவைவிடப் பெரிய சீர். கோபப்படாமல் உட்கார வைத்து, பிள்ளையின் நோட்டைப் பிரித்துக் காட்டிப் பதில் சொல்கிற ஆசிரியர் திருப்பித் தரும் சீரும் அதற்குக் குறைந்ததல்ல.

அந்தக் கேள்வி எழுவதற்குப் பல ஊர்களில் ஒரு தடை உண்டு. குழுக் கூட்டம் பிற்பகலில், அந்த நேரத்தில் அம்மா வெங்காயக் காட்டிலோ முந்திரிக் கொல்லையிலோ நிற்கிறார். வந்தால் கூலி போகும், வராவிட்டால் "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்ற பேச்சு வரும். ஆகவே தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழுக் கூட்டத்தை வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு மாற்றுங்கள். தோட்ட உரிமையாளர்களுக்கும் ஒன்று: கூட்ட நாளில் அரை நாள் கூலியைப் பிடிக்காதீர்கள்.